நாற்காலி போட்ட இடம்

2021 ஆகஸ்ட் 3

அன்புள்ள மார்லிஸ்,

வேலை கிடைத்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் பெண்கள் வாலிபால் அணிக்கு உதவிப் பயிற்சியாளர். பள்ளிப் பிள்ளைகளை நான் கட்டி மேய்த்தது போதும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. தலைமைப் பயிற்சியாளர் காண்டிஸ் அதிகம் பேசமாட்டார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இனி சொல்வதைக் கோபப்படாமல் படி. உன் மகள் ரெனே இந்த மாதம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். ஒன்பதில் கால் வைத்த நாளிலிருந்து, பந்து தொடுகிற எந்தப் பிள்ளையும் கல்லூரிகள் எடுக்கக்கூடிய பிள்ளைதான். அவள் பத்தாம் வகுப்பை முடித்து, அதற்கு அடுத்து வரும் ஜூன் பதினைந்தாம் தேதிவரை நான் அவளிடம் பேசக் கூடாது, எழுதக் கூடாது. அவளாக எழுதினாலும் பதில் போடக் கூடாது. பெற்றவர்களிடமும் அப்படியே. அச்சடித்த பயிற்சி முகாம் அறிவிப்பு அனுப்பலாம். வழியில் எதிர்ப்பட்டால் 'ஹலோ' சொல்லலாம், நின்று பேசக் கூடாது. அவள் ஆடுவதைப் பார்க்கலாம். பார்ப்பதற்கு மட்டும் தடையில்லை.

எட்டாவது படிக்கிற பிள்ளையிடமெல்லாம் போய் வாக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்தத்தான் இந்த விதி. நல்ல விதிதான். நம் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

இங்கே விதிகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஓர் அலுவலர் இருக்கிறார், ஓடெல் என்று பெயர். அவரிடம் போய்க் கேட்டேன். "சார், அவ என்கூடப் படிச்சவ. ஒரே டீம்ல ஆடினோம். அவ பந்தத் தூக்கிக் குடுப்பா, நான் அடிப்பேன். சும்மா ஊர்க்கதை எழுதிக்கிட்டாக்கூடவா தப்பு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊர்க்கதைன்னு ஆரம்பிச்சா பொண்ணு கதை வராம இருக்குமாம்மா? சந்தேகம்னா பேசாம இருக்கிறதுதான் நல்லது" என்றார்.

வராமல் இருக்காது. உன்னை எனக்குத் தெரியும். கைபேசி காலத்திலும் 'வீடு வீடாகத் தபால் போடுகிறவள் கடிதம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்' என்று அடம்பிடிக்கிறவள் நீ. அந்தக் கடிதங்களுக்கு இனி என்னிடமிருந்து பதில் வராது. உன் கணவர் விர்ஜிலிடமும் சொல். ரெனேயிடம் அவள் புரிந்துகொள்கிற மாதிரி சொல்.

ஜொலீன்


2021 செப்டம்பர் 12

ஜொலீன்,

சொல்லிவிட்டேன். விர்ஜில் தானிய லாரியின் அடியில் படுத்துக்கொண்டு கேட்டார். "பேசக் கூடாதா? ரெண்டு வருஷமா? அந்த விதிய எனக்கும் யாராச்சும் போட்டுத் தரக் கூடாதா?" என்றார். ரெனே மட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, "அம்மா, முழு விதியையும் படிச்சேன். ஜொலீன் சித்தி மேல தப்பில்ல. நாம எழுதலாம், அவங்க எழுதக் கூடாது, அவ்ளோதான்" என்றாள். பெரிய வக்கீல் மாதிரி.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நம் பழக்கத்தைப் பிரித்து வைக்க விர்ஜிலின் அம்மாவாலேயே முடியவில்லை, ஒரு கண்ணாடிக்காரர் முடித்துவிட்டார்.

நான் எழுதத் தடை இல்லையே. எழுதுவேன். நீ பாட்டுக்குப் படித்துக்கொண்டு கிட. ஊரில் சோளம் இன்னும் ஈரம். என் தபால் வண்டியின் கண்ணாடியை ஸ்கோடா வீட்டு வாத்து உடைத்துவிட்டது. நாய் என்றால் எழுதிக் கொடுக்கலாம், வாத்து என்று எழுதினால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள்.

மார்லிஸ்


2022 பிப்ரவரி 14

ஜொலீன்,

சனிக்கிழமை ஒமாஹா போட்டியில், பாப்கார்ன் வரிசையில், எனக்கு முன்னால் நின்றது நீதான். மார்பில் பல்கலைக்கழக முத்திரை போட்ட சட்டை. முடியை வெட்டியிருக்கிறாய், நன்றாக இல்லை. திரும்பினாய், பார்த்தாய். "ஹலோ" என்றாய். வாங்கிய பாப்கார்னைக்கூட எடுக்காமல் போய்விட்டாய்.

கடைக்காரப் பெண் என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? அவங்க பாப்கார்ன் இங்கயே இருக்கு" என்றாள்.

"தெரிஞ்சவதான். குடும்மா, நான் தின்னுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். உப்பு ஜாஸ்தி. அழுகை வந்தது, வீம்புக்குத் தின்று முடித்தேன்.

மார்லிஸ்


2022 ஜூலை 20

ஜொலீன்,

உன் பல்கலைக்கழகத்திலிருந்து ரெனே பெயருக்கு ஒரு கவர். நானே என் கையால் என் வீட்டுப் பெட்டியில் போட்டேன். முகாம் அறிவிப்பு, வழவழக் காகிதம். கையால் ஒரு எழுத்து இருக்குமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. அதே கவர் என் பாதையில் இன்னும் நாலு வீட்டுக்கும் வந்தது. அதில் ஒரு பிள்ளை வாலிபாலே ஆடுவதில்லை, டியூபா ஊதுகிறது.

ரெனே அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள். விடியலில் விதைச் சோள வயலில் ஆண்பூ கிள்ளும் கூலி வேலைக்குப் போகிறாள், கையெல்லாம் கீறல். முகாமுக்குக் கட்டணம் சேர்க்கிறாளாம். வந்து உன் எதிரே பந்தைத் தூக்குவாள். அப்போதாவது வாயைத் திறந்து 'முழங்கையை மடக்கு' என்றாவது சொல். முகாமில் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவள்தான் சொன்னாள்.

மார்லிஸ்


2023 மார்ச் 6

ஜொலீன்,

இது ஊர்க்கதை இல்லை. கவனமாகப் படி.

நீங்கள் வாயைத் திறக்க முடியாததால் எங்களைப் போலப் பெற்றவர்கள் நாற்காலியைப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். எந்த முத்திரைச் சட்டை எந்த ஆடுகளத்தின் ஓரம் மடக்கு நாற்காலியைப் போட்டது, எவ்வளவு நேரம் உட்கார்ந்தது, குறிப்பு எழுதியதா, கொட்டாவி விட்டதா என்று பார்க்க ஒமாஹாவில் ஒரு கூட்டமே இருக்கிறது. அதில் நானும் ஒருத்தி.

இந்த வருடம் முழுக்க உன் நாற்காலி எங்கள் ஆடுகளத்தில்தான். முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் அணியில் கோராலி இருக்கிறாள், அடிக்கிறவள், ஆறடி இரண்டங்குலம். அவளைப் பார்க்கத்தான் வருகிறாய் என்று நினைத்தேன். ஆனால் போன வாரம் கோராலிக்குக் கணுக்கால் சுளுக்கு. கட்டுப் போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். நீ அப்போதும் வந்தாய், மூன்று ஆட்டமும் உட்கார்ந்தாய். யாரைப் பார்க்க? என் மகளைத்தானே?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேற்கே ஒரு சின்னக் கல்லூரி. அவர்களுக்கு இந்த வாய்ப்பூட்டு கிடையாது, அவர்கள் விளையாட்டுச் சங்கமே வேறு. அதன் பயிற்சியாளர் மெர்வின் வீட்டுக்கே வந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. சில்லிக் குழம்பும் பட்டைத்தூள் ரொட்டிச் சுருளும் போட்டேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "உங்க பொண்ணோட கை எனக்கு வேணும். படிப்புச் செலவுல பாதிய நாங்க பாத்துக்கறோம். ஏப்ரல் கடைசிக்குள்ள சொல்லிடுங்க, அப்புறம் வேற பிள்ளைகிட்டப் போயிடுவேன்" என்றார். நேரான மனுஷன்.

பாதிப் படிப்புச் செலவு எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆனால் நீ அங்கே உட்கார்ந்திருக்கும்போது நான் எப்படி மெர்வினுக்குச் சரி சொல்வேன்?

உன்னால் பேச முடியாது, தெரியும். பேச வேண்டாம். ஏப்ரல் 22 சனிக்கிழமை கடைசிப் போட்டி. நான் நினைப்பது தப்பு என்றால் அன்றைக்கு எங்கள் ஆடுகளத்தில் உட்காராதே. வேறு எங்காவது போய் உட்கார். சரி என்றால் வழக்கம்போல உட்கார். இதற்கு எந்த விதி குறுக்கே வரும்?

மார்லிஸ்


2023 ஏப்ரல் 24

ஜொலீன்,

உட்கார்ந்தாய். காலையிலிருந்து மாலைவரை.

மெர்வினுக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "யோசிச்சுதான் சொல்றீங்களாம்மா?" என்றார். "நல்லா யோசிச்சாச்சு" என்றேன். ஜூன் பதினைந்து வரட்டும்.

உன் முடி வளர்ந்துவிட்டது. இப்போது பார்க்கும்படி இருக்கிறது.

மார்லிஸ்


2023 ஜூன் 15

அன்புள்ள மார்லிஸ்,

இன்று காலை முதல் வேலையாக உன் கடிதங்களைப் பிரித்தேன்.

இந்த வரியை நீ இரண்டாம் தடவை படிப்பாய் என்று தெரியும். ஆம், இன்றைக்குத்தான் பிரித்தேன். வந்தது வந்தபடி மேசை இழுப்பறையில், விசில் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். உன் கையெழுத்தைக் கவரில் பார்த்தாலே பதில் எழுதக் கை பரபரக்கும். உள்ளே படித்துவிட்டால் எழுதாமல் இருக்க என்னால் முடியாது. அதனால் படிக்கவில்லை. அது கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாத்துக் கதையைப் படித்துச் சிரித்தேன். பாப்கார்னைப் படித்து அழுதேன். அதற்குப் பிறகு மார்ச் கடிதத்தைப் பிரித்தேன்.

ரெனேயை நாங்கள் எடுக்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், கிட்டத்தட்ட ஒரு வருடமாக இதைச் சொல்லத்தான் முடியாமல் இருந்தேன். 'வேண்டும்' என்று மட்டுமல்ல, 'வேண்டாம்' என்று சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை. பள்ளிப் பயிற்சியாளரிடம் பேசலாம், ஆனால் அவர் மூலம் உங்களுக்குச் சேதி அனுப்பக் கூடாது. அவள் கை சுத்தமான கை. உன் கையேதான். ஆனால் பந்தைத் தூக்குகிறவளும் வலைக்கு மேலே தடுக்க வேண்டும் என்பது காண்டிஸின் கணக்கு. ஆறடிக்குக் குறைந்தவர்களை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வருட முகாம் முடிந்த அன்றே முடிவாகிவிட்டது.

நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோராலியைப் பார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள். அவள் கணுக்கால் சுளுக்கிய அன்று நான் வேறு ஆடுகளத்துக்குப் போயிருக்க வேண்டும். காண்டிஸ் கைபேசியில் கேட்டார்: "அந்தப் பொண்ணுதான் ஆடலியே, நீ அங்க என்ன பண்ற?"

நீ எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாய் மார்லிஸ். நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் உன் விரல்களும் சேர்ந்து தூக்கின. பேசக் கூடாது, எழுதக் கூடாது, உட்கார்ந்து பார்க்கத் தடையில்லை. நான் பார்த்தது உன்னை. ஏப்ரல் 22 அன்றும் அதற்குத்தான் உட்கார்ந்தேன்.

மெர்வினை எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போன் பண்ணுகிறேன்.

ஜொலீன்


2023 ஜூன் 20

ஜொலீன்,

பிரிக்கவே இல்லையா?

நான் தபால்காரி. பனியில் வண்டி புதைந்தால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போய்ப் போடுகிறவள். செத்துப்போனவர் பெயருக்கு வந்ததைக்கூட உரிய இடத்தில் சேர்க்காமல் விட்டதில்லை. என் கடிதத்தை, நான் ஒட்டிய தபால்தலையோடு, விசில் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்தாயா? கிழித்துப் போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. படித்திருந்தால், அந்த ஒரு சனிக்கிழமை தலைவலி என்று வீட்டில் படுத்துக் கிடந்திருக்கலாமே! எந்த விதி தலைவலியைத் தடுக்கிறது?

பதினைந்தாம் தேதி என்ன நடந்தது என்று தெரிய வேண்டாமா? ரெனே கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் எல்லாப் பயிற்சியாளர்களும் முதல் போன் போடுவார்கள் என்று அவள் தோழிகளுக்கெல்லாம் தெரியும். கோராலிக்கு வந்தது. இவளுக்கு மணி அடித்தது ஒரே தடவை, பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து.

சனிக்கிழமை என் பையில் உன் பல்கலைக்கழகக் கவர் இரண்டு. ஒன்று உன் கடிதம், எனக்கு. இன்னொன்று தடித்த கவர், கோராலிக்கு, கையால் எழுதிய முகவரி. அவள் வீட்டுப் பெட்டியில் அதைப் போட்டுவிட்டுக் கதவை மூடினேன். அவள் அம்மா தோட்டத்திலிருந்து கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். அடுத்த திருப்பத்தில் வண்டியை ஓரம் கட்டி உன்னைத் திட்டினேன். வாய்விட்டு, நல்ல சத்தமாக. ஸ்கோடா வீட்டு வாத்து ஓடியது.

என்னைப் பார்த்தாயாம். என்னை! நான் அந்த நீல ஸ்வெட்டரை ரெனேக்கு ராசி என்று போட்டுக்கொண்டு வந்தேனடி.

மெர்வினுக்கு நீ போன் பண்ண வேண்டாம். நீ உட்கார்ந்தது போதும்.

மார்லிஸ்


2023 ஜூன் 28

மார்லிஸ்,

நீ சொன்னதெல்லாம் சரி.

படிக்காமல் இருந்தது விதிக்காக இல்லை. விதி எழுதாதே என்றுதான் சொன்னது, படிக்காதே என்று சொல்லவில்லை. எனக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன், வலி உன் வீட்டுக்குப் போய்விட்டது.

மெர்வினுக்குப் போன் பண்ணவில்லை.

நீ இனி எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன். எழுதினால் பெட்டியின் முன்னால் நின்றபடியே பிரிப்பேன்.

ஜொலீன்


2023 ஆகஸ்ட் 14

ஜொலீன்,

ஒன்றரை மாதம் உன்னைக் காயப்போட்டேன். கணக்குக்கு இன்னும் பாக்கி இருக்கிறது, ஆனால் சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

உன் ஜூன் பதினைந்தாம் தேதிக் கடிதத்தை ரெனேயிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். அழவில்லை. "முகாம்லயே தெரிஞ்சுடுச்சும்மா. உயரமா இருக்கறவங்களையெல்லாம் ஒரு பக்கம் நிக்க வெச்சாங்க. நான் இந்தப் பக்கம் நின்னேன்" என்றாள்.

"அப்பவே ஏண்டி சொல்லல?"

"நீ அவ்ளோ சந்தோஷமா நாற்காலியப் பாத்துக்கிட்டிருந்த. எனக்கும் கொஞ்சம் ஆசையாத்தான் இருந்துச்சு." கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினாள். பிறகு சொன்னாள்: "எனக்கு மெர்வின் சார் காலேஜ் பிடிச்சிருந்துச்சும்மா. வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி நீ என்னைக் கேக்கவே இல்ல."

கேட்கவில்லைதான் ஜொலீன். ஒமாஹாவில் உட்கார்ந்து உன் நாற்காலியைப் படித்தேன், என் வீட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தவளைக் கேட்கவில்லை. உன்னைத் திட்டிய அதே திருப்பத்தில் வண்டியை நிறுத்தி என்னையும் திட்டிக்கொண்டேன். வாத்துக்குப் பழகிவிட்டது, அது ஓடவில்லை.

மறுநாளே அவள் தானாக உட்கார்ந்து எழுதினாள். மெர்வினுக்கும் வேறு சில கல்லூரிகளுக்கும். என்னிடம் காட்டவில்லை. கவர்களை எங்கள் வீட்டுப் பெட்டியில் வைத்து, 'எடுத்துப்போ' என்று காட்டும் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டிருந்தாள். என் பாதையில் என் வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தி, கொடியை இறக்கி, எடுத்துக்கொண்டு போனேன். விளக்கில் பிடித்துப் பார்க்க ஆசையாக இருந்தது, பார்க்கவில்லை. அப்புறம் அவளே சொன்னாள், எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதானாம்: 'என்னை வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள். ஜூன் பதினைந்து போய்விட்டது, இப்போது நீங்கள் சொல்லலாம்.'

பதில் வர ஆரம்பித்துவிட்டது. இதுவரை மூன்று 'வேண்டாம்'. மூன்றையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். "எடுத்துப் போடேண்டி, பாக்கச் சகிக்கல" என்றேன். "இருக்கட்டும்மா. இவங்கள்லாம் பதில் சொன்னவங்க" என்றாள்.

மெர்வினுடைய கடிதம் நேற்று வந்தது. அந்த இடத்துக்கு வேறு பிள்ளை வந்துவிட்டாள், பாதிப் படிப்புச் செலவும் அவளோடு போய்விட்டது. முதல் வருடம் சொந்தச் செலவில் வந்து இரண்டாவது ஆளாக நிற்கத் தயார் என்றால் வரலாம், மற்றது அவள் கையைப் பொறுத்தது என்று எழுதியிருக்கிறார். இந்தத் தடவை நான் கேட்டேன். "போறியாடி?" என்று. "போறேன்" என்றாள். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதற்குள் சோளப்பூ கிள்ளிச் சேர்த்துவிடுவாளாம். எவ்வளவு பூ கிள்ள வேண்டும் என்று விர்ஜில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு லாரியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

என் கோபம் முழுக்கப் போகவில்லை. உனக்குச் சொல்லிவைக்கிறேன், போகிறபோது போகும். ஆனால் வருடம் முழுக்க நீ அந்தத் தகர நாற்காலியில் முதுகு ஒடிய உட்கார்ந்ததும் என் கண்ணிலிருந்து போகமாட்டேன் என்கிறது.

வீட்டுக்கு வா. சமையலறையில் நாற்காலி இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் யாரும் எதையும் படிக்கப்போவதில்லை. பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வரலாமா, எந்தத் தேதியில் வரலாம் என்று ஓடெலிடமே கேட்டு எழுது, அதற்கும் ஒரு விதி வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கேள். அன்றைக்குத்தான் எனக்குத் தபால் கிடையாது.

மார்லிஸ்